சாமியல்ல, சிப்பாய்

அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறத் தாணிப்பாறை போகிற கூட்டம் வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டை விடியுமுன்பே நிறைத்துவிடும். இந்த அமாவாசைக் கூட்டத்துக்குள் ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். என் சீக்கு பழைய வாசகர்களுக்குத் தெரியும். யார் எதை நீட்டினாலும் வாங்கி, அச்சகத்தின் முகவரி வரை வாசிப்பேன். மூல வைத்தியமும் நகைச் சீட்டும் கோயில் கொடையும் எனக்கு ஒன்றுதான். பளபளக் காகிதத்தில் அடிக்காதீர்கள், வடை மடிக்கக்கூட உதவாது என்று இங்கே நான் புலம்பியதையெல்லாம் தொகுத்தால் ஒரு தீபாவளி மலரே போடலாம். இதுவும் பளபளக் காகிதம்.

மலையேறிக் கல்லைக் கும்பிடுகிறவர்களுக்கு நரகம் என்பது சாரம். அதில் எனக்குக் கோபமில்லை. அவன் நம்புகிறான், நான் எரிந்துபோகக் கூடாதென்று நினைக்கிறான், சரி. கோபம் வந்தது படத்தைப் பார்த்துத்தான். நாக்கை நீட்டி, மண்டையோட்டு மாலை போட்டு, சிவனை மிதித்து நிற்கிற கல்கத்தாக் காலண்டர் காளி! சதுரகிரியில் இருப்பவர் சுந்தரமகாலிங்கம். கொஞ்சம் சாய்ந்த லிங்கம். அவருக்கு நாக்கு ஏது, மாலை போடக் கழுத்து ஏது?

"தம்பி, மேலே இருக்கிற சாமி யாருன்னு தெரியுமா?"

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி."

ராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்னால் அது வேதாந்தம். இவன் சொன்னது வேறு.

அதற்குள் இரண்டு இளைஞர்கள் நோட்டீஸ் கட்டைப் பிடுங்கிக் கிழித்து, கிழிப்பதை செல்போனில் படமும் எடுத்தார்கள். அவர்களிடமும் ஒரு கேள்வி கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். நோட்டீஸ் கொடுக்கலாமா, கிழிக்கலாமா என்ற வழக்கை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு குறுக்கே வந்துவிட்டார். அவர் இந்தப் பத்தியில் அடிக்கடி குறுக்கே வருகிறவர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கால் வைத்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. வந்த புதிதில் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. ஊர்ப்புறத்துக் கோயில் ஒன்றில் நின்ற மண் உருவங்களில் சிலவற்றைக் கீழே தள்ளினார், சிலவற்றின் தலையைத் தட்டிவிட்டார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று காட்டுகிறாராம். பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அடிக்கவில்லை, சபிக்கவில்லை. இதெல்லாம் சாமியல்ல ஐயா, சாமிக்குக் காவல் நிற்கிற சிப்பாய்கள் என்று விளக்கினார். உடைத்தவருக்கு எதை உடைத்தோம் என்று தெரியவில்லை! நமக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரியும்? அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பதில் அவரைக் குடைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிறகு அவர் செய்தது வேறு மாதிரியான வேலை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்து அகரம் எழுதிப் படித்தார். ஆள் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் மனைவிமாரிடமிருந்து ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல். திருக்குறள் அதில் உண்டு. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்து வந்தேன், படித்த பிறகு அப்படி இல்லை என்றும் எழுதினார். மதம் மாற்றுகிற எண்ணத்தைக் கடைசிவரை அவர் விடவில்லை. அதை மறைத்து அவரைச் சமரச ஞானியாக்குகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

அவருக்குப் பிடித்த நூல்களில் ஒன்று எது தெரியுமா? சிவவாக்கியம். கல்லுக்குப் பூப் போட்டு என்ன பயன் என்று கேட்ட சித்தரின் பாட்டு. அந்த நோட்டீஸ்காரன் எட்டுப் பக்கத்தில் திணறிய கேள்வியை அந்தச் சித்தர் நாலே அடியில் முடித்துவிடுவார். சித்தர் மலை என்று நம்பி ஏறுகிற சனத்திடம் சித்தரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். கிழித்த இளைஞர்களிடம் நான் கேட்க நினைத்ததும் அவரைப் பற்றித்தான்.

1713-ல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு முழு நூலாக எழுதினார். சிவன், விஷ்ணு மட்டுமல்ல. ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி என்று நம் இருக்கன்குடிப் பக்கத்து ஆட்களெல்லாம் வரிசையாக வருகிறார்கள். கோயில் எப்படி, திருவிழா எப்படி, பலி என்ன என்று ஒவ்வொன்றாக. கையெழுத்துப் பிரதி ஜெர்மனியில் ஹாலேக்குப் போனது. அங்கே மிஷனுக்குப் பெரியவர் பிராங்கே. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அஞ்ஞானிகளின் உளறலை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். பிரதி பெட்டிக்குள் போயிற்று. ஜெர்மான் என்ற மிஷனரி அதை அச்சேற்றியது 1867-ல், அதுவும் சென்னையில். 154 வருஷம்! பிராங்கேயை மூடர் என்று சொல்லமாட்டேன். அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்தவன் எங்கே போய் நிற்பான் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது.

   

எங்கள் தெருவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். சரஸ்வதி பூஜைச் சுண்டலைத் தொடமாட்டார். என் மனைவி படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாக மூடிவைத்துவிடுவாள். "படைக்காதது டீச்சர்" என்று சொல்லித்தான் நீட்டுவாள். ஒருநாள் கேட்டேவிட்டாள், படைத்ததைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று. டீச்சர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை எடுத்து விளக்கினார். எனக்கு ஒன்றும் ஆகாதுக்கா, பார்க்கிற சபைக்காரர் மனசு சங்கடப்படும், அதற்காகத்தான் என்றார். இத்தனை வருஷம் சாமிக்குப் பயந்து என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்! பதிலுக்கு அவர், சுண்டலை ஒன்பது நாளும் ஏன் மாற்றி மாற்றிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். மனைவிக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

சீகன்பால்கும் அவருடைய சகா குருண்டலரும் இப்படித்தான் கேள்விகளை எழுதித் தமிழர்களிடம் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். அதில் ஒரு கேள்வி, எங்கள் மதத்தை ஏன் இழிவாக நினைக்கிறீர்கள் என்பது. நம்மவர்கள் திரித்துவத்தையோ சிலுவையையோ குறை சொல்லவில்லை. மாட்டைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், வெளிக்குப் போனால் கால் கழுவுவதில்லை என்று பதில் எழுதினார்கள். தெய்வங்களின் புத்தகத்தைப் பெட்டியில் போட்ட அதே ஹாலே, இந்தக் கடிதங்களை ஜெர்மனில் 1714 முதல் அச்சிட்டு வெளியிட்டது, கால் கழுவாத புகாரோடு சேர்த்து.