கேபிள் மக்களுடையது; கப்பம் யாருக்கு?

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். பொதுநிதியில், பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் நிறைவேற்றிய பணி அது. செயற்கைக்கோள் வழியே வந்த மெலிந்த இணைப்பை நம்பிக் கிடந்த தீவு மக்களுக்கு அது தேவையாகவே இருந்தது.

ஆனால் அதன்வழி நடக்கும் வணிகத்தின் ஆதாயம் எங்கே செல்கிறது? 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு படகுத்துறையில் நின்று பயணியை அழைத்தால் போதும். இன்றோ பயணி சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருந்தபடியே அறையை முடிவு செய்துவிடுகிறார். அவர் கூகுளில் தேடும்போது முதலில் தென்படுபவை பெரும்பாலும் விளம்பரங்களே. அந்த இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டணம். பெரும் முன்பதிவு நிறுவனங்களோடு நான்கு அறைக்காரர் எப்படி ஏலம் கேட்பார்? அவரது விடுதியின் பெயரையே மற்றொரு நிறுவனம் குறிச்சொல்லாக ஏலத்தில் எடுக்க முடியும். தம் பெயருக்குத் தாமே விலை கொடுக்கும் நிலை! இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டினால்தான் பதிவின் வீச்சு கூடுகிறது. 'தேடுபொறி' என்று தமிழாக்கியவர்கள் இயந்திரத்தைத்தான் எண்ணினார்கள். பொறிக்குக் கண்ணி என்ற பொருளும் உண்டு.

இது கட்சியின் கற்பனையன்று. தேடல் முடிவுகளில் தன் விமானப் பயணச் சேவையை முன்னிறுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய். விடுதிகள் தம் சொந்த இணையதளத்தில்கூடக் குறைந்த விலைக்கு அறை தரலாகாது என்று ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டதும் அவ்வாணையத்தின் முடிவுகளில் ஒன்று.

ஒன்றிய அரசு செய்ததென்ன? இணைய விளம்பரத்துக்காக வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செல்லும் தொகையின் மீது 2016இல் 6 விழுக்காடு சமன்படுத்தல் வரி விதிக்கப்பட்டது. டிரம்ப்பின் சுங்கவரி மிரட்டல் ஓங்கி ஒலித்த வேளையில், 2025 ஏப்ரல் 1 முதல் அது கைவிடப்பட்டது. வரி நீங்கினால் சிறு விளம்பரதாரரின் சுமை குறையும் என்பார் உண்டு. ஏலமுறையில் அந்த மிச்சமும் அடுத்த ஏலத்தொகையில் ஏறிவிடும்.

அவ்வரி மீண்டும் விதிக்கப்பட வேண்டும். அரசுக் கப்பல்களின் பயணச்சீட்டுகளைத் தீவு நிர்வாகம் ஏற்கெனவே இணையவழி விற்கிறது. சிறு விடுதிகள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், படகோட்டிகள் ஆகியோருக்கும் தரகில்லாத முன்பதிவுத் தளம் ஒன்றை அமைக்க அதனால் இயலும். தமிழர் கணிசமாக வாழும் அத்தீவுகளில் தொழிற்சங்கங்களும் சிறு வணிகர் அமைப்புகளும் இக்கோரிக்கையை இணைந்து எழுப்பவேண்டும். அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்குமுன்பே.