டப்பாவைப் பார்த்து வெப்கேம் வாங்காதீர்கள்!

வெளிநாட்டில் பிள்ளையோ பேரனோ இல்லாத தெரு மயிலாப்பூரில் அகப்படுவது கஷ்டம். ஞாயிறு காலை ஆனால் போதும். அமெரிக்காவில் அப்போது சனி இரவு. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தெரியறதா? கேக்கறதா?" கச்சேரி ஆரம்பம்!

பாட்டு வாத்தியார், வீணை டீச்சர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். 2006-ல் ஸ்கைப்பில் முகம் தெரிய ஆரம்பித்த பிறகு சரளி வரிசை கடல் தாண்டிப் போனது. 2025 மே மாதம் ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். பாட்டு கிளாஸ் மட்டும் மூடவில்லை, ஜூமுக்குக் குடி மாறிவிட்டது.

மாறாத விஷயம் ஒன்று உண்டு. அது நம் ஆட்கள் வெப்கேம் வாங்கும் லட்சணம்!

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை மெகாபிக்சல்?" கடைக்காரர் பேசுவதே இல்லை. டப்பாவைத் திருப்பிக் காட்டுகிறார். '20 மெகாபிக்சல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விலையோ சில நூறு ரூபாய். ஆஹா என்று வாங்கி வந்து மாட்டினால், பேரனுக்குப் பாட்டியின் முகம் பாசி பிடித்த சுவர் மாதிரி தெரிகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பழைய 640 x 480 படத்தில் இருப்பது 3,07,200 புள்ளிகள். அதாவது 0.3 மெகாபிக்சல். 720பி என்பது 9,21,600 புள்ளிகள். முழு எச்டி என்று பெருமையாகச் சொல்லும் 1080பி-யே சுமார் 2 மெகாபிக்சல்தான். அப்புறம் அந்த 20 எங்கிருந்து வந்தது? உள்ளே இருப்பது சின்ன சென்சார். மிச்சத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறது. இதற்கு 'இன்டர்போலேஷன்' என்று பெயர். நாலு பேருக்குப் போட்ட டிகாஷனில் வெந்நீரை ஊற்றி நாற்பது பேருக்குக் காப்பி கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அப்படியானால் விலை கூடுதலாக 4கே வாங்கினால் போச்சு" என்பார் பணக்கார மாமா ஒருவர். அதுவும் வீண். இருவர் பேசும் அழைப்பில் 720பி-க்கு 1.2 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது ஜூம். 1080பி-யை அனுப்ப 3.8. இணைப்பு இடறினால் படத்தை மென்பொருளே சுருக்கிவிடும். நீங்கள் கொட்டிய காசு அடையாறு தாண்டாது!

உண்மையான வில்லன் வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எந்தக் கேமராவிலும் முகம் கரிதான். இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 30 படம் என்பது 15-க்கும் கீழே இறங்குகிறது. வீணை டீச்சர் தந்தியை இழுத்துக் கமகம் காட்டும்போது அந்தப் பக்கம் தெரிவது விரல் இல்லை, வெறும் புகை. குழந்தை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? ட்யூப்லைட்டில் படம் பட்டை பட்டையாக ஓடுகிறதா? கேமரா செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் இருக்கும், 50 ஆக மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இதற்குச் செலவு பூஜ்யம்.

சத்தமும் அப்படித்தான். ஸ்ருதிப் பெட்டியின் விடாத ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஜூம் தின்றுவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுவிட்டால் ஸ்ருதி திரும்பி வரும். இதற்கும் மெகாபிக்சலுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் கடையில் என்னதான் கேட்பது? நிஜமான 720பி, நொடிக்கு 30 படம். சிடி, டிரைவர் எதுவும் இல்லாமல் செருகியவுடன் ஓட வேண்டும். வெப்கேமுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம் என்பதால், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டுப் புத்தகத்தைக் கிட்டத்தில் காட்டிப் பாடம் எடுப்பவர்களுக்கு மட்டும் ஆட்டோஃபோகஸ் வேண்டும். மற்றவர்களுக்கு அது தண்டம். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடை!

அதற்கும் முன்னால், கையில் இருக்கும் போனைப் பாருங்கள். அதன் கேமரா பெரும்பாலான மலிவு வெப்கேம்களை விட மேல். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், பல போன்களை யுஎஸ்பி வயரில் செருகி வெப்கேமாகவே பயன்படுத்தலாம். மிச்சமாகும் காசுக்கு ஒரு மேஜை விளக்கு வாங்கி முகத்துக்கு எதிரே வையுங்கள்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்க ஆள் இருக்கும் வரை டப்பாவில் நம்பர் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.