ஓய்வு யாருக்கு?

சிங்கப்பெருமாள் கோவில் குடைவரையிலே நரசிங்கர் வீற்றிருக்கிறார். தீபாராதனை வேளையில் அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே உயர்த்தி, ஆண்டவனின் நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். காட்டட்டும், காணட்டும்! ஆனால், பார்வை மங்கிய பின்னும் விரல்களை நம்பிப் பூத்தொடுத்து, முழம்போட்டு விற்று வயிறு கழுவும் மூதாட்டியின் கண்களைக் காண்பார் யார், தோழர்களே?

"பாட்டிமார் சும்மா இருக்க மாட்டார்கள், உழைப்பு உடலுக்கு நல்லது" என்கின்றனர் சாய்வு நாற்காலிக் கனவான்கள். அவ்வளவு நல்லதென்றால் அலுவலகத்துக்கு மட்டும் ஓய்வு வயது எதற்கு? தமிழக அரசு ஊழியருக்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது, 2020இல் 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. அந்நாளில் மாலை உண்டு, பாராட்டுரை உண்டு. நாற்று நட்டவளுக்கு? செங்கல் சுமந்தவளுக்கு? பதிவேட்டில் பெயரில்லை, ஆகவே ஓய்வுமில்லை!

பொதுவுடைமை பேசும் சீனத்தைப் பாருங்கள். ஆலைப் பெண்ணுக்கு 50, அலுவலகப் பெண்ணுக்கு 55 என்று வயது வகுத்தார்கள். 2025 முதல் அதனைப் படிப்படியாக 55, 58 என உயர்த்துகிறார்கள். ஆனால் அங்கும் நாட்டுப்புறக் கிழவிக்குக் கிடைப்பது சொற்ப உதவித்தொகை. ஆகவே அவள் வயலை விட்டு அகலவில்லை. சுவர் நீண்டிருந்தென்ன, சோறு நீளவில்லையே!

இங்கே 1962இல் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. போதுமா? போதாது! உயர்த்தவேண்டும் என்று உரத்தே சொல்வோம். ஆனால் டில்லி செய்தது என்ன? 1995இல் 75 ரூபாய் தந்தார்கள். 2006இல் 200 ரூபாய் என்றார்கள். அதன்பின் ஆண்டுகள் பல உருண்டோடியும், 60 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கு அவர்கள் தரும் பங்கு அதே 200! அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அரிசி விலை ஏறிற்று, மருந்து விலை ஏறிற்று. மூதாட்டியின் விலை மட்டும் ஏறவேயில்லை!

மூதாட்டி உழைக்கக்கூடாது என்று நாம் கூறவில்லை. விரும்பினால் உழைக்கட்டும். வேண்டாமென்றால், பட்டினிக்கு அஞ்சாமல் கூடையை இறக்கிவைக்கும் உரிமை அவளுக்கு வேண்டும் என்கிறோம். அந்த உரிமை இல்லாத இடத்தில் உழைப்பு பெருமையல்ல, தண்டனை!

தோழர்களே, இவ்வாரம் உங்கள் தெருவிலே உதவித்தொகை கிட்டாத மூதாட்டியர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். மனு எழுதுங்கள். வட்டாட்சியர் அலுவலகம்வரை உடன் செல்லுங்கள். மேடையிலே தாய்க்குலம் என்று முழங்கிய நமக்கு, தாயின் கூடையை இறக்கிவைக்கும் கடமையும் உண்டு!