உருவிவிட்டால் தோள் உறுதிப்படுமா?

வாலிபால் ஆடுபவனுக்குத் தோள் வலித்தால் முதலில் தேடுவது தைலப் புட்டியை. அடுத்துத் தேடுவது உருவிவிடத் தெரிந்த ஒரு கையை. அன்று மாலையே வலி தணிந்துவிடும். மறுநாள் அவன் மீண்டும் வலைக்கு மேலே எம்பி அடிப்பான். இப்படித் தணித்துத் தணித்து ஆடிய தோள் எத்தனை நாள் தாங்கும்?

தலைக்கு மேல் கையை ஓங்கும் ஆட்டங்களில் தோள் படும் பாடு சாமானியமானதல்ல. பேஸ்பால் எறிபவரின் கை, பந்தை விடும் நேரத்தில் விநாடிக்குச் சுமார் 7,000 டிகிரி வேகத்தில் உட்புறமாகச் சுழல்கிறது. அந்த வேகத்துக்குக் கடிவாளம் போடுபவை தோளின் பின்புறச் சிறு தசைகளே. நாளடைவில் அவை இறுகுகின்றன. கை உட்புறமாகத் திரும்புவது குறைகிறது.

கை வைத்தியத்தின் எல்லை

இறுகிய தசையைப் பிசைந்து, தோள் எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு கையை மெல்லத் திருப்பினால், மூட்டு இளகுவது உண்மைதான். ஆனால் அந்த இளக்கம், தினமும் நீட்டற் பயிற்சி செய்யாவிட்டால் நிலைப்பதில்லை. தசைக்கு வலிமை தருவதோ பளுவை எதிர்த்துச் செய்யும் பயிற்சி ஒன்றே. பிறர் கை அதை ஊட்ட முடியாது.

நார்வே நாட்டில் 45 ஹேண்ட்பால் குழுக்களைச் சேர்ந்த 660 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும் வேளையிலேயே, வாரம் மூன்று முறை தோள் பயிற்சி செய்தனர். மற்றவர்களைவிட அவர்களுக்குத் தோள் தொல்லை ஏற்படும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. உருவிவிட ஆள் வேண்டியிருக்கவில்லை, ஒழுங்குதான் வேண்டியிருந்தது.

அளவும் வேண்டும்

டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 2008-ல் தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2012-ல் பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றார். ஆயினும் தோள் தொல்லை அவரை விட்டபாடில்லை. 2020-ல், 32-வது வயதில் ஓய்வு பெற்றார். சிறந்த சிகிச்சைக்கு வசதி படைத்தவருக்கே இந்த நிலை.

ஆகவேதான் அமெரிக்காவில் 2014-ல் சிறுவர் பேஸ்பாலுக்கு வரம்பு வகுத்தார்கள். 11, 12 வயதுச் சிறுவன் ஒரு நாளில் 85 எறிகளுக்கு மேல் எறியக்கூடாது என்பது அவ்வரம்புகளில் ஒன்று.

நம் ஊர்ப் போட்டிகளில் ஒரே நாளில் நான்கைந்து ஆட்டம் ஆடும் வாலிபால் பையன் எத்தனை முறை அடித்தான் என்று யார் எண்ணுகிறார்கள்? பயிற்சியாளர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ரப்பர் பட்டையும் பத்து நிமிடமும் இருந்தால் பயிற்சிக்குப் போதும். உறக்கத்தைக் கெடுக்கும் வலியோ, கையைத் தூக்க முடியாத நிலையோ ஏற்பட்டால் தைலத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்வதே விவேகம்.