தைராய்டு மாத்திரை: பக்கத்து சீட்காரரின் டோஸ் உங்களுக்கு ஏன் செட் ஆகாது?

ஆபீஸ் கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"நீ எவ்வளவு போடுற?"

"50."

"நான் 100 போடுறேன்பா. 50 எல்லாம் பத்தாது, ஏத்தச் சொல்லு."

"ஆமா, முடி கொட்டுறது நிக்கவே இல்ல."

சிலர் டாக்டரைப் பார்க்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. ஒரு மாத்திரையை இரண்டாக்கிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் இதற்கு நேர் எதிர். மூன்று வருடத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டைக் காட்டி, மெடிக்கல் ஷாப்பில் அதே டப்பாவை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒரு டெஸ்ட்கூட இல்லை.

சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொன்னது. இவர்களில் மருந்து தேவைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் எழுதித்தரப்படுவது ஒரே மருந்துதான்: லெவோதைராக்சின். ஆனால் சரியான டோஸ் என்பது முதல் நாளே சீட்டில் எழுதப்படும் எண் அல்ல. டெஸ்ட் எடுத்து, காத்திருந்து, திருத்தி எட்ட வேண்டிய எண். இதை நிதானமாக விளக்க டாக்டருக்கு நேரமில்லை. கேட்க நமக்கும் பொறுமையில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டி.எஸ்.எச். அதிகம்னா தைராய்டு அதிகம்னு அர்த்தமா?

இல்லை, நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. பிட்யூட்டரியை டீம் லீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒழுங்காக நடந்தால் மெதுவாகப் பேசுவார். வேலை நடக்கவில்லை என்றால் குரல் உயரும். அந்த உயர்ந்த குரல்தான் ரிப்போர்ட்டில் தெரியும் அதிக டி.எஸ்.எச்.

பெரும்பாலான லேப்களில் பெரியவர்களுக்கான நார்மல் அளவு சுமார் 0.4 முதல் 4 வரை. மாத்திரை போடும்போது டி.எஸ்.எச். இதைவிட அதிகமாக இருந்தால், மருந்து போதவில்லை அல்லது உடம்பில் சரியாகச் சேரவில்லை. மிகக் குறைவாக இருந்தால், மருந்து பெரும்பாலும் தேவைக்கு மேல் போகிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் மாறினாலே டி.எஸ்.எச். பல மடங்கு மாறிவிடும். அதனால்தான் டாக்டர்கள் இதை நம்பி டோஸைத் திருத்துகிறார்கள்.

முதல் டோஸ் எப்படி முடிவாகுது?

சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடை என்றால் நாளுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம். அறுவை சிகிச்சையில் தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஆனால் பலருக்குச் சுரப்பி பாதி வேலையாவது செய்துகொண்டிருக்கும். அவர்களுக்கு 25 அல்லது 50 போதும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். டி.எஸ்.எச். லேசாக மட்டும் கூடியிருக்கும் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் அதுவே இறங்கியிருக்கலாம்.

ஆக, நண்பரின் 100-ம் உங்களின் 50-ம் ஒரே நோய்க்கான மருந்துதான். ஆனால் இரண்டு வேறு உடம்புகளுக்கான கணக்கு.

ரெண்டு வாரத்துல டெஸ்ட் எடுத்தா என்ன?

வெயிலில் அலைந்துவிட்டு வருகிறீர்கள். ஏசியை 24-ல் வைக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் குளிரவில்லை என்று 16-க்கு இறக்குகிறீர்கள். அரை மணி நேரம் கழித்துப் போர்வை தேடுகிறீர்கள். ஏசி சரியாகத்தான் இருந்தது, நாம்தான் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புது டோஸ் ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். அதனால்தான் டோஸ் மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் எடுக்கும் ரிப்போர்ட் பாதிக் கதையைத்தான் சொல்லும். தேவைப்பட்டால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் ஏற்றவோ இறக்கவோ செய்வார்கள். பிறகு மறுபடி அதே காத்திருப்பு. அளவு பிடிபட்டுவிட்டால், ஆறு மாதத்தில் ஒன்று, அதன்பின் வருடத்துக்கு ஒன்று போதும்.

சோர்வு சில வாரங்களில் குறையலாம். முடி கொட்டுவது நிற்கப் பல மாதங்கள் ஆகும். அதை வைத்து டோஸை அளக்க வேண்டாம்.

டோஸ் சரிதான், ஆனா உடம்புல சேரலையே!

டி.எஸ்.எச். இறங்காததற்குக் காரணம் பல நேரம் டோஸ் அல்ல, காலை காபி. மாத்திரையைக் காபியோடு போட்டால் அது குடலில் உறிஞ்சப்படுவது குறையும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கும் காபிக்கும் 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட வேண்டும். காபி இல்லாமல் காலையே விடியாது என்பவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கும் முன் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தினமும் கேஸ் மாத்திரை போடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடி வளர என்று பயோட்டின் சாப்பிட்டால் அது டெஸ்ட் முடிவையே குழப்பும்; ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கம்பெனி மாற்றி வாங்கினால், அதன் பிறகும் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் தேவை.

இன்னொன்று: மாதம் முழுக்க விட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தைய நாலு நாள் மட்டும் ஒழுங்காகப் போடுவது. இது ரிப்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்ளும். ஹார்மோன் அளவு நார்மலாகவும் டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தும் இருக்கும். இதை மறைத்தால் டாக்டர் டோஸை ஏற்றிவிடுவார். "ரொம்ப நாள் போடல டாக்டர்" என்று சொல்லிவிடுவதே நல்லது.

கொஞ்சம் கூட போட்டா எடை குறையுமா?

இந்த ஆசைதான் ஆபத்து. தேவைக்கு மேல் போகும் தைராய்டு ஹார்மோன் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை தரும். அதே நிலை நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தைராய்டு மாத்திரை எடை குறைக்கும் மருந்து அல்ல.

கர்ப்பம்: இங்கே மட்டும் காத்திருக்கக் கூடாது

முதல் மூன்று மாதம் கரு, தாயின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் ஏற்கெனவே மாத்திரை போடும் பெண்களில் பெரும்பாலோருக்கு, கர்ப்பம் உறுதியானதுமே டோஸ் கால் பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளாதீர்கள். அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே "பாசிட்டிவ் வந்தா எவ்வளவு ஏத்தணும்?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிறகு கர்ப்பத்தின் பாதிக் காலம்வரை சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு டெஸ்ட். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு.

ரிப்போர்ட் நார்மல், ஆனா எனக்கு முடியல...

இந்தக் குறையைச் சொல்பவர்கள் ஏராளம். "எல்லாம் நார்மல், போய் வாங்க" என்பது இதற்குப் பதில் ஆகாது. "அப்போ டோஸ் ஏத்துங்க" என்பதும் ஆகாது. ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தூக்கக் கோளாறு, மன அழுத்தம் எல்லாமே இதே சோர்வைத் தரும். அவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. தேடுவது டாக்டரின் கடமை.

டாக்டர்கள் ஒன்று செய்யலாம். சீட்டில் டோஸுக்குப் பக்கத்திலேயே அடுத்த டெஸ்ட் தேதியையும் எழுதிக் கொடுக்கலாம். பத்து வினாடி வேலை. எழுதவில்லை என்றால் நாம் கேட்டு வாங்க வேண்டும். போன் நோட்ஸில் நான்கு விஷயம் போதும்: தேதி, கம்பெனி பெயர், டோஸ், டி.எஸ்.எச். அடுத்த முறை டாக்டர் முன் உட்காரும்போது கேன்டீன் பேச்சைவிட அந்த நாலு வரி பல மடங்கு உதவும்.