காதோரம் கிடந்த கல்

ஷிங்லோங்வா என்பது சீனாவின் வடகிழக்கே, உள் மங்கோலியாவில் ஒரு கிராமம். அங்கே தோண்டிய ஒரு கல்லறையில் மண்டையோட்டின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய கல் வளையங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. 'ஜேடு' எனப்படும் பச்சைக்கல்லில் செய்தவை. வயது சுமார் 8,000 ஆண்டுகள். காதோரம் கிடந்ததால்தான் அவை தோடுகள் என்று தெரிந்தது. ஏதோ ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் பார்த்திருந்தால் மோதிரம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

அது உலோகம் அறியாத காலம். ஜேடோ, சாதாரண எஃகுக் கத்தியால்கூடக் கீற முடியாத கல். ஈர மணலைத் தூவி, கயிற்றாலோ கல் தகட்டாலோ தேய்த்துத் தேய்த்துத்தான் அதை அறுக்க வேண்டும். வேட்டையாடியும் சிறுதானியம் விதைத்தும் பிழைத்தவர்கள் ஒரு ஜோடித் தோட்டுக்காக இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள்.

பின்னால் அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் ஹோங்ஷான் பண்பாட்டினர். லியாவ்னிங் மாகாணத்தின் நியுஹேலியாங்கில் அவர்களுடைய கல்லறை ஒன்று 1984-ல் திறக்கப்பட்டபோது, எலும்புக்கூட்டின் மார்பில் பன்றி மூஞ்சியோடு சுருண்ட இரண்டு ஜேடு டிராகன்கள். தலைக்கடியில் ஒரு ஜேடு குழல். கூந்தலைச் செருகி வைப்பதற்காக இருக்கலாம் என்பது ஊகம். அந்த ஊகத்துக்கும் ஆதாரம், அது கிடந்த இடம்தான்.

இடம் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 18-ம் நூற்றாண்டில் சியென்லோங் சக்கரவர்த்தியின் சேகரிப்பில் வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை கொண்ட ஜேடு குழாய்கள் இருந்தன. பழைய வண்டியின் பூண் என்று நினைத்த மன்னர், அவற்றின்மேல் தம் கவிதையையும் பொறிக்கச் செய்தார். பாவம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1986-ல் ஹாங்ஜோ அருகே ஃபான்ஷானில், சுமார் 5,000 ஆண்டுப் பழைமையான லியாங்ஜு பண்பாட்டுக் கல்லறைகளில் இதே வகைக் குழாய்கள் கிடைத்தன. ஒரே கல்லறையில் 600-க்கும் மேற்பட்ட ஜேடு பொருள்கள். அவற்றில் ஒரு குழாயின் எடை மட்டும் 6.5 கிலோ. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதைக்கப்பட்டவர்களின் அந்தஸ்தையும் சடங்கையும் சார்ந்த பொருள் அது.

2015-ல் நியுஹேலியாங் பகுதியில் கல்லறைகளைச் சூறையாடியதாக 175 பேரைச் சீனப் போலீஸ் பிடித்தது. 1,168 பொருள்கள் மீட்கப்பட்டன. மதிப்பு 50 கோடி யுவானுக்கு மேல் என்றார்கள். அவை எந்த எலும்புக்கூட்டின் காதில், எந்த மார்பில் கிடந்தன என்று இனி யாரைக் கேட்பது? பிடிபட்டவர்களில் அகழ்வாராய்ச்சியாளர்களும் இருந்தார்கள்.