ஐந்து மரத் தூரம்



சென்ற மாதம் சம்பளத்துக்கு மறுநாள், பட்டணத்துப் பெட்ரோல் நிலையத்தில் என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பம்பில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் பேசியபடியே எண்ணெய் ஊற்றினான். கூட வந்திருந்த அவன் தாயார் பதறிப்போய், "டேய், அத அணைடா! பம்பு வெடிச்சிடும்!" என்று அலறிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் வெட்கத்தோடு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

எண்ணெய் ஊற்றியாயிற்று. இருவரும் ஏறிப் புறப்பட்டார்கள். நிலையத்து வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அதே போன் வெளியே வந்து, தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டது. பையன் பேசிக்கொண்டே பெருஞ்சாலையில் ஏறினான். பின்னால் உட்கார்ந்திருந்த தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டாரே என்று எனக்கு அன்று முழுக்க மனம் ஓடவில்லை.

பம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஒரு சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். இவ்வளவும் உண்மை. ஆனால் அமெரிக்காவில் எண்ணெய் ஊற்றும்போது ஏற்பட்ட தீ விபத்துகளை ஆராய்ந்து பார்த்தவர்கள், கைத்தொலைபேசியால்தான் தீப்பிடித்தது என்று ஒன்றைக்கூட உறுதி செய்ய முடியவில்லை. பல விபத்துகளுக்குக் காரணம் நிலைமின்சாரம். காருக்குள் ஏறி இறங்கும்போது உடுப்பு இருக்கையில் உராய்ந்து உடம்பில் மின்சாரம் சேர்கிறது. அந்தக் கையோடு பம்பின் குழாயைத் தொட்டால் பொறி தெறிக்கிறது. இது குளிரும் வறட்சியுமான நாடுகளில் அதிகம், நம்முடைய ஈரக்காற்றில் குறைவு.

அதற்காக, அங்கே மாட்டியிருக்கும் பலகையை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சு மும்முரத்தில் டாங்கி நிரம்பி வழிந்து, சூடான இயந்திரத்தின் மேல் பெட்ரோல் ஒழுகினால் அதுவும் போனால் வந்த வினைதானே? இப்போது போனிலேயே எண்ணெய்க்குப் பணம் கட்டும் வசதியும் வந்துவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் உள்ளே உட்கார்ந்தபடியே அதை முடித்துக்கொண்டு இறங்கலாம். நம்மைப் போன்ற மோட்டார்க்காரர்கள் கடைக்குள் போய்க் கட்டிவிட்டு வருவதே நல்லது. (என் சிறு வயதில், டாங்கியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று தீக்குச்சி கொளுத்திப் பார்த்த ஒருவர் எங்கள் லயத்தில் இருந்தார். புருவத்தோடு தப்பித்தார். அவரை நினைத்தால் போன் பாவம் என்றுதான் தோன்றுகிறது.)

இனி, அந்தத் தாயார் அலறியிருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவது சட்டப்படி குற்றம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்கிறோம்? "ஒரு நொடிதானே பார்க்கிறேன்" என்கிற நினைப்புதான். அந்த நொடியை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கணக்காகக் கொடுத்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். யார் கூப்பிடுகிறார் என்று பார்த்து, பச்சைப் பொத்தானைத் தேடி அழுத்த மூன்று நொடி என்று வைத்துக்கொண்டாலும் 50 மீட்டர். செம்பனை மரங்களைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். அப்படியானால் எத்தனை மரம்?

பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒருவன் எழுந்து, "சார், அஞ்சு மரத்துக்கு மேல கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், என் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காலை பத்து மணி போலக் காய்ச்சல் கொதித்தது. குலை வெட்டும் வேலையில் இருந்த அவள் தகப்பனாருக்கு நான்தான் போன் செய்தேன். "இதோ வர்றேன் சார்" என்றார். இருபது நிமிடம் ஆயிற்று. பிள்ளை பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, மறுபடியும் கூப்பிட்டேன்.

"எங்க வந்துட்டீங்க?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டேன் சார்..."

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. ஏதோ உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் நாள் பெய்த மழையில் செம்மண் சாலை வழுக்கலாக இருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் வண்டி. முன்சக்கரம் சாலையோரக் கானில் இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேல் அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு மணிக்கட்டு போனால் என்ன மிச்சம் இருக்கிறது? மூன்று மாதம் வீட்டில் இருந்தார். வெட்டிய குலைக்குத்தானே கூலி? அந்த மூன்று மாதமும் அவர் மனைவி உதிரிப் பழம் பொறுக்கிக் குடும்பத்தை இழுத்தார்.

பார்க்கப் போனேன். "நான் எடுத்திருக்கக் கூடாது சார்" என்று அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். 'நான் கூப்பிட்டிருக்கக் கூடாது' என்ற பதில் என் தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. ஒரு டின் மைலோவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாததை இன்று இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுகிறவருக்குப் புத்தி சொல்ல எல்லாரும் இருக்கிறோம். வீட்டில் இருந்துகொண்டு கூப்பிடுகிறவருக்கு யார் சொல்வது? கணவர் வேலை முடிந்து புறப்பட்ட நேரம் தெரியும், வழியில்தான் இருப்பார் என்பதும் தெரியும். இருந்தும் "வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க" என்று மூன்று தடவை அடிக்கிறோம். எடுக்காவிட்டால் கோபம் வேறு. சகோதரிகளே, எடுத்தவுடன் காற்றுச் சத்தமோ இயந்திரச் சத்தமோ கேட்டால் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுங்கள். தேங்காயைக் குறுஞ்செய்தியில் எழுதிப் போடுங்கள். வண்டியை நிறுத்தியதும் பார்ப்பார். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். ஒரு முறை அடித்து எடுக்காவிட்டால், அவர் சாலையில் இருக்கிறார் என்று பொருள்.

ஓட்டுகிறவர் கட்டாயம் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பேசட்டும். வளைவில் நிறுத்தக் கூடாது. குலை ஏற்றி வரும் லோரிக்காரருக்குக் கண் தெரியாது. பட்டணத்தில் வீடு வீடாக உணவு கொண்டு போய்க் கொடுக்கும் தம்பிகளுக்குப் போன்தான் சோறு போடுகிறது, அதை மூட்டை கட்டி வை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வழியைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; தடுமாறினால் ஓரத்தில் நின்று பாருங்கள். டிராக்டர் ஓட்டும் அண்ணன்மார்கள் காதில் பாட்டை மாட்டிக்கொள்ளாமல் இருந்தால், பின்னால் குலை ஏற்றுகிறவர் "நில்லு!" என்று கத்துவது காதில் விழும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இது வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கு.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு தாத்தா. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இதயத் துடிப்பு குறைந்து மயங்கி விழுந்ததால், பெரிய மருத்துவமனையில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி; அதிலிருந்து கம்பி இதயத்துக்குப் போகிறது. துடிப்பு தாமதித்தால் அந்தப் பெட்டி தட்டிக் கொடுக்கும். பட்டணத்தில் இருக்கும் பேரன் தாத்தாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். தாத்தா அதை எங்கே வைத்தார்? இடது பக்கச் சட்டைப் பையில், அந்தப் பெட்டிக்கு நேர் மேலே.

காந்தம் பக்கத்தில் வந்தால் வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ளும்படி அந்தக் கருவிகளை அமைத்திருக்கிறார்கள்; சோதிக்கும்போது மருத்துவர்களே காந்தம் வைத்துப் பார்ப்பதுண்டு. இப்போதைய சில போன்களுக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் இன்னொரு வகைக் கருவி, காந்தம் ஒட்டியிருக்கும் வரை அந்த வேலையைச் செய்யாமல் இருந்துவிடலாம். 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது பற்றி அறிவுரை வெளியிட்டது: போனையும் கைக்கடிகாரப் போனையும் கருவியிலிருந்து ஆறு அங்குலமாவது, அதாவது 15 சென்டிமீட்டர், தள்ளி வையுங்கள். போனை எடுத்து அப்பால் வைத்துவிட்டால் கருவி பழையபடி வேலை செய்யும்; ஆகவே வீணாகப் பயப்படவும் வேண்டாம். இடது பக்கம் கருவி இருந்தால் வலது காதில் வைத்துப் பேசலாம். படுக்கும்போது நெஞ்சின் மேல் வைத்துப் படம் பார்க்கக் கூடாது.

இதையெல்லாம் தாத்தாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால் போன் மறுபடியும் அதே பையில். நாற்பது வருடப் பழக்கம், கை தானாக அங்கேதான் போகிறது.

பாட்டி என்னைப் போல் பேசிக்கொண்டிருக்கவில்லை. தாத்தாவிடம் இருந்த ஐந்து சட்டைகளையும் எடுத்து, இடது பக்கப் பையின் வாயை ஊசி நூல் கொண்டு தைத்து மூடிவிட்டார்.